கரண்ட் சாமான் என்றால் கடிக்கும்

மகன் வாங்கியிருக்கும் புது லேப்டாப்புக்கு மேலெல்லாம் அலுமினியம். லீவுக்கு வந்தவன், சிநேகிதன் கல்யாண போட்டோக்களைப் பார்க்கச் சொல்லி அதை என் முன்னால் வைத்தான். நான் அப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருந்தேன். தரையில் ஈரம், காலில் செருப்பு இல்லை. ஓரத்தில் மணிக்கட்டு பட்டதும் சிலுசிலுவென்று ஏதோ ஊர்ந்தது. கடித்தது என்று சொல்வதற்கில்லை. எறும்பு ஏறி இறங்கிய மாதிரிதான். அதற்குள் நான் எழுந்து வாசற்படி வரைக்கும் போய்விட்டேன்.

மகன் சிரித்தான். சார்ஜரில் இரண்டு பின்தான் இருக்கிறது, எர்த் இல்லை, இந்த மாதிரி லேப்டாப் எல்லாமே இப்படித்தான், ஒன்றும் செய்யாது என்று விளக்கம் சொன்னான். உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவன் அப்பாவுக்கு இதெல்லாம் கேட்டிருக்கிறது. எழுந்து வரவில்லை. "செருப்பப் போட்டுக்கச் சொல்லு" என்று மட்டும் குரல் வந்தது. பையனுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வீட்டுக்குள் போட ஒரு ரப்பர் செருப்பு உண்டு. வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நாமக்கல் வெயிலில் எதற்கு இது என்று கேட்பார்கள். குளிருக்காகப் பழகியது, நாங்கள் கொல்லிமலையில் இருந்தவர்கள் என்று சொல்லிவிடுவேன். பாதி உண்மை.

மீதிப் பாதியை உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் அடிப்படையில் பயந்தவள். பல்லிக்குப் பயம், ஆழக் கிணற்றுக்குப் பயம், எல்லாவற்றையும்விடக் கரண்டுக்குப் பயம். ராசிபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவிட்சைத் தம்பிதான் போடுவான், தம்பிதான் அணைப்பான். அப்படிப்பட்டவள் போய் வேலைக்குச் சேர்ந்தது சேலத்தில் ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில். அங்கே எங்களுக்குப் பற்றவைக்கிற வேலை மட்டும்தான். பச்சை அட்டையில் சின்னச் சின்னச் சாமான்களைச் சொருகி ஈயம் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். அது உயிர் பெறுவது வேறு அறையில், வேறு ஆட்கள் கையில். ஈயத்துக்கும் எனக்கும் நல்ல பழக்கம். கரண்டுக்கும் எனக்கும் அறிமுகமே கிடையாது. பெண்ணுக்குப் பற்றவைக்கத் தெரியும், மாப்பிள்ளை கொல்லிமலைச் செம்மேட்டில் ரேடியோ டிவி கடை வைத்திருக்கிறார் என்று யாரோ கணக்குப் போட்டார்கள். ஜாதகத்தைவிட அதுதான் நன்றாகப் பொருந்தியது.

மலைக்கு முதல் தடவை பஸ்ஸில் ஏறியபோது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அவருடைய சீட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டு என்று எதுவும் இருக்காது. ஒரு மெட்டில் தொடங்கும், இன்னொன்றில் நுழையும், நடுவில் ஒரு பறவை மாதிரி வளைந்து திரும்பும். வேலை செய்யும்போது உதடு குவிந்துதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் சீட்டிச் சத்தத்தை வைத்தே கடை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள். அந்த மனிதருக்குப் பயம் என்பதே இல்லை. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கப் புறங்கை விரலால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் தானே உதறிவிடும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். நான் பார்க்காதது போல் வெளியே போய் நிற்பேன். தாலி கட்டிய புதிதில் இதற்காகவே எத்தனை நாள் அழுதிருக்கிறேன் என்று அவருக்கே தெரியாது. இந்த மனுசனுக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடு என்று அறப்பளீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

இப்போதும் மிளகு இடித்தால் எனக்கு ஈயம் உருகுகிற வாசனை சேர்ந்து வருகிறது. அதற்குக் காரணம் காதர் பாய். துறையூரில் மளிகை வியாபாரம். மலைக்கு ஜீப்பில் வந்து மிளகும் பலாவும் எடுத்துக்கொண்டு போவார். அவருடைய தம்பி அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறக்கப் போகிற சமயம். வருஷம் மாறினால் பழைய கம்ப்யூட்டரெல்லாம் குழம்பி நின்றுபோகும் என்று ஒரு பீதி கிளம்பி, ஆபீஸ்களிலும் சென்டர்களிலும் பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கினார்கள். உலகத்தில் என்னைப்போலப் பயந்தவர்கள் இத்தனை பேரா என்று எனக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது. தூக்கிப் போட்டதையெல்லாம் காதர் பாய் சாக்கில் கட்டி, காலியாக மலையேறுகிற ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். மிளகுச் சாக்குகள்தான். அவிழ்த்தால் முதலில் நாங்கள் இரண்டு பேரும் தும்முவோம், பிறகுதான் கம்ப்யூட்டர் வெளியே வரும்.

மலையில் அன்று கம்ப்யூட்டர் என்ற ஒன்றை முழுதாகப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் நிறைய. அதன் பெட்டிக்குள் சுற்றுகிற சின்னக் காற்றாடி, டீக்கடை அடுப்புக்கு ஊதுகுழலானது. ஒலிபெருக்கி, ரேடியோவுக்குள் போனது. கனத்த கறுப்பு ஒயர் தேய்ப்புப் பெட்டிக்கும் மிக்ஸிக்கும் போனது. சுவிட்ச், திருகாணி, தகரம், எதையும் விடவில்லை. மேலே வராத உதிரிச் சாமானுக்காக ஒரு பகல் முழுக்கச் செலவழித்துக் கீழே போய் வருவதைவிட, இருப்பதைப் பொருத்துவது சுலபம். அவர் கழற்றித் தருவார், நான் பற்றவைப்பேன்.

கழற்றுவதில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் டிவி மாதிரி பெரிய குழாய் வைத்தது. கரண்டிலிருந்து பிடுங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தாலும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்பார்கள். அவர் நீள ஸ்குரூடிரைவரை ஒயரோடு சேர்த்து உள்ளே நுழைப்பார். சில சமயம் ஒன்றும் நடக்காது. சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு கீற்று. சீட்டி ஒரு நொடி நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் பஸ் ஸ்டாண்டில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். செத்தது போல் இருக்கிற சாமானுக்குள் உயிர் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணமே என்னைத் தூங்கவிடாது.

ஆனால் கடித்தது அது இல்லை. கடித்தது, நாங்கள் இருவரும் ரொம்ப மெச்சிக்கொண்ட ஒரு சாமான். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் ஒயரைச் சொருகுகிற வாய் ஒன்று இருக்கும் அல்லவா? சில பெட்டிகளில் அந்த வாய்க்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பொட்டலம் ஒட்டியிருக்கும். மலை வீடுகளில் எலி அதிகம். தானியத்துக்கு வருகிற எலி, போகிற போக்கில் மிக்ஸி ஒயரையும் கிரைண்டர் ஒயரையும் கடித்து வைத்துவிடும். அவருக்கு ஒரு யோசனை வந்தது. சாமானின் தகர உடம்பில் ஓட்டை போட்டு இந்த வாயைப் பொருத்திவிட்டால், வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்றி உறியில் மாட்டிவிடலாம். எலிக்கு வேலையில்லை. இன்னொரு நன்மையும் இருந்தது. பொட்டலம் வைத்த வாயைப் போட்டால், கிரைண்டர் ஓடும்போது பக்கத்து ரேடியோ கரகரக்காது. அது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நல்லது செய்கிறது, இருக்கட்டும் என்று விட்டோம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்பார்கள்; சுற்றுப்பட்டு நாடுகளிலிருந்தெல்லாம் தலைச்சுமையாகச் சாமான் வந்து இறங்கியது.

டெஸ்டரைச் சாமானின் உடம்பில் வைத்தால் மட்டும் உள்ளே லேசாக மினுக்கும். நான் காட்டுவேன். "அது திருட்டு கரண்டு புள்ள, ஒண்ணும் பண்ணாது" என்று புறங்கையால் தொட்டுக் காட்டுவார். உண்மையிலேயே ஒன்றும் பண்ணாது. என்னையும் தொடச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன். ஒன்றும் தெரியாது. ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. செம்மேட்டுக் குளிரில் சிமெண்டுத் தரையில் நிற்க முடியாது என்று கடை முழுக்கப் பலகை போட்டிருந்தார். அதற்கு மேல் கால்களில் எப்போதும் ரப்பர் செருப்பு. கீழ்நாட்டு ஆட்கள் நாங்கள், குளிர் தாங்க மாட்டோம். மலைக்காரர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். ஊட்டுக்குள் செருப்புக்கால் படக் கூடாது. உள்ளே தினமும் சாணம் போட்டு மெழுகிய மண் தரை. மழைக்காலத்தில் அது காய்வதே இல்லை.

வளப்பூர் நாட்டில் சின்னப்பொண்ணு அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை, கொஞ்சம் மேலே சரிவில் வீடு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைப் பார்த்த நாளிலிருந்து கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பலா சீசனில் கடைக்கு வந்தால் எனக்கென்று சுளை எடுத்துப் பாத்திரத்தில் மூடிக் கொண்டுவருவார். அவருடைய கிரைண்டரின் ஒயரை எலி தின்றுவிட்டது, சுவிட்சும் கருகிவிட்டது. நாங்கள் வாய் வைத்து, சுவிட்ச் மாற்றி, துடைத்துப் பளபளவென்று ஆக்கி, காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒப்படைத்து அனுப்பினோம். அன்றைக்கு மழை. எங்கோ மரம் ஒடிந்து லைனில் விழுந்து, கரண்ட் விடியும் முன்பே போய்விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் காதர் பாயோடு ஜீப்பில் துறையூருக்குக் கிளம்பினார், அடுத்த சாக்குகளுக்காக. நான் மட்டும் கடையில்.

மழைத் தண்ணீர் பலகைக்கு அடியில் புகுந்து நாற்றமடித்தது. வியாபாரமும் இல்லை. சரி, கழுவிவிடலாம் என்று பலகைகளை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் வந்தது. மேசையில் யாருக்கோ சரிசெய்து வைத்திருந்த ஒரு இரும்புக் காற்றாடி, அதற்கும் அதே வாய்தான், சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர் தெளிக்குமே என்று அதைத் திருப்பி வைக்கப் போனேன். புறங்கையெல்லாம் இல்லை, முழுக் கையாலும் பிடித்தேன்.

முழங்கை வரைக்கும் யாரோ உள்ளேயிருந்து முறுக்கியது போல் இருந்தது. கை தானாக உதறிக்கொண்டது. நான் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. நேற்று இதே காற்றாடியை இதே கையால் தொட்டேனே என்று நினைத்தேன். நேற்று பலகை இருந்தது. நேற்று செருப்பு இருந்தது. காலைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். அப்போதுதான் சின்னப்பொண்ணு அக்காவின் சமையலறைத் தரை என் கண்ணுக்குள் வந்தது.

அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அவர் மாவாட்டுவதையும் பார்த்திருக்கிறேன். கிரைண்டருக்குப் பக்கத்தில் மெழுகிய தரையில் வெறுங்காலை மடித்து உட்கார்ந்து, ஓடுகிற கல்லுக்கு ஓரமாகக் கையை விட்டு மாவைத் தள்ளிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். மணிக்கட்டு வரைக்கும் ஈர மாவு. அந்த மணிக்கட்டு தகரத்தில் உரசிக்கொண்டே இருக்கும்.

கரண்ட் மறுபடி போனது. அதை எனக்குக் கொடுத்த அவகாசமாக எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்த நிமிஷம் போட்டுவிடுவார். அந்தப் பக்கம் போன் கிடையாது. கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஈரக் காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தப் பயணத்தைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் போனதில்லை. பஸ் முழுக்க ஒரே பேச்சு, கரண்ட் எப்போது வரும் என்பதுதான். மில்லில் கேழ்வரகு அரைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள், மோட்டார் போட வேண்டியவர்கள், எல்லோரும் மின்சாரத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் வரக் கூடாது, வரக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். காலையில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போன அதே கண்டக்டர்தான். சாமான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, அந்த அக்கா தானே தலையில் தூக்கிக்கொண்டு போனார் என்று எனக்கு நல்ல சேதி சொன்னார். கவலைப்படுகிற முகத்தைப் பார்த்து ஆறுதலாக, "லைன்மேன் மேல போயிட்டாருங்க, இப்ப வந்துருமுங்க" என்றும் சொன்னார். அந்த லைன்மேன் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்து நிதானமாக டீ குடிக்கட்டும் என்று வேண்டினேன். ஒரு மனுசன் தன் வேலையைச் செய்யாமல் இருக்கட்டும் என்று சாமியிடம் கேட்டது அன்றுதான். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் வழியாக வீடுகளைப் பார்த்தேன். விளக்கு எரிகிறதா, எரிகிறதா என்று. வளைவுக்குப் பயப்படவே மறந்துவிட்டேன்.

வளப்பூரில் இறங்கும்போது டீக்கடை முகப்பில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், மழையில், மஞ்சளாக.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவர் வீட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. சேற்றில் செருப்பு ஒன்று மாட்டி வார் அறுந்தது. இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். பாதி வழியிலேயே சத்தம் கேட்டது. கடகடவென்று கல் சுற்றுகிற சத்தம். நாங்கள் சரிசெய்த கிரைண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற சத்தம் கேட்கிறது, பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. அவர் பேசாமல் மாவாட்டி நான் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உள்ளே என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போல் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. எப்படியோ வாசல் வரைக்கும் போனேன்.

சின்னப்பொண்ணு அக்கா கிரைண்டருக்குள் கையை விட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை. பேச ஆள் இல்லாததால் பேசவில்லை, அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க கண்ணு. ஏன் இப்பிடி எரைக்குது? மழையிலயே ஓடி வந்தீங்களா?"

"அக்கா, கைய எடுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் எடுத்தார். எனக்கு அந்தச் சுவிட்சைத் தொடத் தைரியம் இல்லை. வெறுங்காலோடு அந்த ஈரத் தரையில் நிற்கிறேன். அடுப்போரம் சொருகியிருந்த அகப்பையை எடுத்து, அதன் கட்டைப் பிடியால் சுவர்ச் சுவிட்சைத் தட்டினேன். கல் மெதுவாகி நின்றது. பிறகுதான் அவர் எதில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தேன். கோணிச்சாக்கை நான்காக மடித்துப் போட்டு, அதற்கு மேலே பலாப் பலகை.

"ஓ, கடிக்குமேன்னு பயந்துட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். "காத்தால கரண்டு வந்தப்ப தொட்டனுங்க, தூக்கி வீசிருச்சு. புதுசுல கொஞ்சம் வேகமா இருக்குமாட்ட இருக்குதுன்னு சாக்க மடிச்சுப் போட்டு ஒக்காந்துட்டேன். கரண்டு சாமானுன்னா கொஞ்சம் கடிக்கத்தானே செய்யும்?"

நான் கடையில் கடி வாங்கிய அதே நேரத்தில் அவரும் இங்கே வாங்கியிருக்கிறார். அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், காப்பித்தண்ணி வைக்கவா என்று கேட்கிறார். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நான் மூச்சு விட்டபோது, அவர் பேச்சோடு பேச்சாக அடுத்ததைச் சொன்னார்.

"எல்லா ஊட்டுலயுந்தான் கடிக்குது கண்ணு. வாத்தியார் ஊட்டுத் தேய்ப்புப் பெட்டி, டீக்கடை ஊதுற காத்தாடி, பக்கத்து ஊட்டு மிக்ஸி. அந்த ஊட்டு மருமவ புள்ளத்தாச்சி, அவளத் தொட வேண்டாமுன்னு வெச்சிருக்கறாங்க. பசங்கதான் யாரு ரொம்ப நேரம் தொடறதுன்னு பந்தயம் கட்டிக்கிட்டு வெளையாடுதுங்க."

என் பயம் அதுவரை ஒரே ஒரு சமையலறையில் இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு அது மலை முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் வாய் வைத்துக் கொடுத்த சாமான்கள் எந்தெந்த வீட்டில், எந்தெந்த ஈரத் தரையில் இருக்கின்றன என்று எங்களுக்கே தெரியாது. ஏன் ஒருத்தர்கூட வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போது கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் மாவுக் கையை வழித்துக்கொண்டே யோசித்தார். "எப்பிடிங்க சொல்றது? இத்தனை தூரம் வந்து எங்களுக்குன்னு கட வெச்சிருக்கீங்க. அந்தத் தம்பி சீட்டியடிச்சுக்கிட்டு எவ்வளவு சந்தோசமா செஞ்சு தருது. கடிக்குதுன்னு சொன்னா அது மனசு நோவுமில்ல?"

அந்தக் கிரைண்டரிலிருந்து வாயை மட்டும் அவருடைய தோசைத் திருப்பியாலேயே நெம்பிக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்றைய மாவை என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டுரலில் ஆட்டி முடித்தோம். பஸ் வரும்வரை நனைந்த புடவையோடு வாசலிலேயே நின்றேன். குளிர் என்று அவர் ஒரு போர்வையைக் கொடுத்தார்.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. சாக்கை இறக்கிப் போட்டுவிட்டுச் சீட்டியோடு உள்ளே வந்தவர், தண்ணீர் காய்ந்த வெறும் தரையையும் என்னையும் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. லேசாகச் சிலுசிலுக்கும், அதைப் போய் இந்த மக்கள் பெரிதாகச் சொல்கிறார்கள் என்றார். நான் முந்தானையை அவிழ்த்து வாயை மேசையில் வைத்தேன். பார்த்துவிடலாம் என்று டெஸ்ட் லேம்பை எடுத்தார். ஹோல்டரில் பல்பும் இரண்டு ஒயரும்தான் டெஸ்ட் லேம்ப். வாய்க்குக் கரண்ட் கொடுத்து, ஒரு ஒயரைத் தகரப் பொட்டலத்தின் மேலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தார். நல்ல சாமானாக இருந்தால் அந்தப் பல்பு எரியவே கூடாது.

எரிந்தது. மினுக்கவில்லை, மங்கலாகவும் இல்லை. சாதாரணமாக வீட்டில் எப்படி எரியுமோ அப்படி முழுசாக எரிந்தது.

உள்ளே இருந்த சாமான் பழசாகிச் செத்து, கரண்டை அப்படியே தகரத்துக்கு விட்டுக்கொண்டிருந்தது. கடையில் இருக்கும்போதே அப்படித்தான் இருந்ததா, பஸ்ஸில் குலுங்கிப் போனதில் போய்விட்டதா, தெரியாது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அந்தப் பொட்டலம் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் கரண்டை உடம்புக்குக் கசியவிடும். எர்த் இருக்கிற இடத்தில் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த்தே இல்லாத மலை வீடுகளில் போக இடமில்லாமல் தகரத்திலேயே காத்துக்கொண்டிருக்கும், வெறுங்கால் ஒன்று வருகிற வரைக்கும். இதெல்லாம் பின்னால் தெரிந்த விஷயம். அன்றைக்கு நாங்கள் பார்த்தது எரிகிற பல்பை மட்டும்தான். ஒரு மனுஷிக்கும் அந்தப் பல்பின் வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு கோணிச்சாக்கு இருந்திருக்கிறது. மழை நாளில், நனையாத ஒரு சாக்கு.

அவர் பல்பை அணைக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு குவிந்துதான் இருந்தது. சத்தம் வரவில்லை.

மறுநாளிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். எந்த வீடு என்று தெரியாததால் எல்லா வீட்டுக்கும் போனோம். கடிக்கிற சாமான் இருக்கிறதா என்று அவர் வாசலில் நின்று கேட்பார். எல்லா இடத்திலும் முதல் பதில், இல்லீங்க, நல்லா ஓடுதுங்க என்பதுதான். நான் உள்ளே போய்ப் பெண்களிடம் கேட்டால் உண்மை வரும். வாயைக் கழற்றி, ஒயரை நேராகவே பற்றவைத்துக் கொடுப்போம். ஒயரைக் கழற்ற முடியாதே, எலி கடிக்குமே என்று வருத்தப்பட்டார்கள். எலி கடிக்கட்டுங்க என்பார் அவர். சாமை உப்புமாவும் மரவள்ளிக்கிழங்கும் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். பாதையில் நான் முன்னால் நடப்பேன், அவர் பின்னால் வருவார். இலைகளில் தண்ணீர் சொட்டுகிற ஓசை கேட்கும். பின்னால் ஆள் வருகிறாரா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சீட்டி இல்லாமல் அவர் வருவது எனக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகும் சில வருஷம் கடை நடத்தினோம். புறங்கையால் தொடுவதை விட்டுவிட்டார். மெயினை அணைத்துவிட்டு, அணைத்ததை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஒரு திருகாணியைத் தொடுவார். நான் சாமியிடம் கேட்டது கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

போன தை மாதம் மலைக்குப் போயிருந்தோம். கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வீடுகளுக்கெல்லாம் எர்த் வந்துவிட்டது. கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்சும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கெட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. சின்னப்பொண்ணு அக்கா இல்லை. வயதாகி, படுத்து, தூக்கத்தில் போனாராம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அப்புறம்தான் அழுதேன். கடிக்கிற சாமானை வைத்துக்கொண்டு, செய்து கொடுத்தவன் மனசு நோகுமே என்று சாக்கை மடித்துப் போட்டு உட்காருகிற ஆட்களை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

திரும்பி இறங்கும்போது பஸ்ஸில் கூட்டமே இல்லை. வளைவுகளில் நான் கண்ணை மூடவில்லை; அவர்தான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை அடிங்க, யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. எனக்காக உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது.